வகுப்பறையில் மின்னணுக் கருவிகள்: இறையியல் கல்வியின் நோக்கில் சில சிந்தனைகள்

முன்னுரை

இராயனுக்கு வரி செலுத்துவது முறையோ என்று வினவப்பட்டபோது, ஆண்டவர் ஒரு நாணயத்தைக் கொண்டுவரச் சொல்லி, அதிலுள்ள உருவம் யாருடையது எனத் திருப்பிக் கேட்டதாக மாற்கு 12ஆம் அதிகாரம் கூறுகிறது. அங்கே நாணயம் ஒரு கற்பித்தற் கருவி. எனினும் கேட்டோரைச் சிந்திக்க வைத்தது நாணயமன்று. அதைக் காட்டி எழுப்பப்பட்ட வினாவே. கணினி, கைப்பேசி, இணையம் ஆகியவற்றை வகுப்பறையிற் பயன்படுத்துவது பற்றி இறையியல் ஆசிரியராகிய நாம் சிந்திக்கும்போது, இவ்வேறுபாட்டை மனத்திற் கொள்வது நலம்.

திருச்சபை தன் காலத்துக் கருவிகளைக் கல்விப் பணியில் ஏற்கத் தயங்கியதில்லை. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்குவின் தமிழ்ப் புதிய ஏற்பாடு, 1714-15ஆம் ஆண்டுகளில் அவ்வூரிலேயே அச்சேறியது. பின்னர்க் கரும்பலகையும், படச்சுருளும், ஒலிநாடாவும் வந்தன. 1975 ஆகஸ்டு முதல் 1976 ஜூலை வரை நமது நாட்டின் ஆறு மாநிலங்களில், ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குச் செயற்கைக்கோள் வழியாகத் தொலைக்காட்சிக் கல்வி வழங்கப்பட்டது. 2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இணைய வகுப்பை நம்மீது கட்டாயமாகவே சுமத்திற்று. ஆகவே இன்று நம்முன் நிற்கும் வினா, இக்கருவிகளைப் பயன்படுத்தலாமா என்பதன்று. எதற்காகப் பயன்படுத்துகிறோம் என்பதே.

1. ஊர்தியும் சரக்கும்

அமெரிக்கக் கல்வியியலாளர் ரிச்சர்டு கிளார்க், 1983இல் வெளியிட்ட ஆய்வுரையில், ஊடகங்கள் பாடத்தைக் கொண்டுசெல்லும் ஊர்திகளே என வாதிட்டார். மளிகைப் பொருளை ஏற்றிவரும் வண்டி எதுவாயினும், உண்பவருக்குக் கிடைக்கும் சத்து மாறுவதில்லை என்பது அவர் தந்த உவமை. 1991இல் ராபர்ட் கோஸ்மா இதனை மறுத்து, ஒவ்வோர் ஊடகத்திற்கும் தனித்திறன் உண்டு என்றும், அத்திறன் கற்போரின் சிந்தனைச் செயலோடு இணையும்போது பயன் விளையும் என்றும் எடுத்துரைத்தார்.

இவ்விரு கூற்றுகளிலும் உண்மை உண்டு. ஒரு மணி நேர விரிவுரையை அப்படியே திரையில் எழுதி, அதையே நாம் வாசித்துக் காட்டினால், வண்டி மாறியதேயன்றிச் சரக்கு மாறவில்லை. ஆசிரியர் அறிவைச் செலுத்த, மாணவர் அதைச் சேமித்து வைக்கும் வங்கி முறைக் கல்வியைப் பவுலோ பிரெய்ரே கண்டித்ததை நாம் வகுப்பில் போதிக்கிறோம். அவ்வங்கிக்கு மின்விளக்கு போட்டுவிட்டால் அது விடுதலைக் கல்வியாகிவிடாது. மாறாக, மாணவர் முன்பு செய்ய இயலாத ஒன்றைச் செய்யக் கருவி வழிவகுக்குமாயின் அது வரவேற்கத் தக்கது. எனவே எந்தக் கருவியைப் பற்றியும் நாம் கேட்க வேண்டிய முதல் வினா, “இதனால் மாணவர் என்ன செய்கிறார்?” என்பதாகும்.

2. சுவடியை நேரிற் காணுதல்

திருமறை ஆய்வில் இவ்வினாவுக்கு நல்ல விடை கிடைக்கிறது. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சீனாய்ச் சுவடியின் ஏடுகள் இன்று இலண்டன், லைப்சிக், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், சீனாய் மலையின் புனித கத்தரீன் மடம் ஆகிய நான்கு இடங்களிற் பிரிந்து கிடக்கின்றன. நம் ஆசிரியர்களின் காலத்தில் அவற்றைப் பற்றிப் பாடநூலின் அடிக்குறிப்பில் வாசிப்பதே பெரும்பாலோர்க்கு இயன்றது. 2009 முதல் அவ்வேடுகள் இணையத்தில் ஒருங்கே காணக் கிடைக்கின்றன, கட்டணம் ஏதுமில்லை.

நாம் மேற்கொள்ளும் பயிற்சி ஒன்றைக் கூறுவோம். மாற்கு நற்செய்தியின் இறுதிப் பக்கத்தை மாணவருக்குக் காட்டி, விளக்கம் ஏதும் சொல்லாமல், காண்பதை எழுதுமாறு பணிக்கிறோம். 16:8இல் பெண்கள் அஞ்சினார்கள் என்பதோடு வாக்கியம் நின்றுவிடுகிறது. கீழே நூலின் பெயர். அதன்பின் அப்பத்தியில் வெற்றிடம். அடுத்த பத்தியின் தலைப்பில் லூக்கா தொடங்குகிறது. நமது தமிழ் வேதாகமத்திலோ அவ்வதிகாரத்திற்கு இருபது வசனங்கள் உண்டு. இதைத் தாமே கண்டுபிடிக்கும் மாணவரிடம் எழும் அமைதி, விரிவுரையினால் ஒருபோதும் உண்டாவதில்லை.

அவ்வமைதிக்குப் பின்னரே உண்மையான வகுப்பு தொடங்குகிறது. “உயிர்த்தெழுந்த திருநாளில் எப்பகுதியைப் பிரசங்கிப்பது? பாம்புகளைப் பற்றிய 18ஆம் வசனத்தைத் தன் விசுவாசத்திற்கு ஆதாரமாகக் கொண்டுள்ள சபையாரிடம் இதை எவ்வாறு எடுத்துச் சொல்வது? சொல்லத்தான் வேண்டுமா?” என மாணவர் கேட்கின்றனர். இவற்றுக்கு எத்திரையும் விடை தராது. மேய்ப்புப் பணியின் பொறுப்பு, தேவவசனத்தின் அதிகாரம், உண்மையைப் பேசும் முறை ஆகியவற்றை ஒருவரோடொருவர் முகமுகமாய் ஆராய வேண்டியுள்ளது.

பழைய ஏற்பாட்டிலும் இவ்வாறு செய்யலாம். எருசலேமின் இஸ்ரேல் அருங்காட்சியகத்திலுள்ள ஏசாயா பெருஞ்சுருள் 7.34 மீட்டர் நீளமுடையது. அதன் படங்கள் 2011 முதல் இணையத்தில் உள்ளன. 40ஆம் அதிகாரத்தில் புல்லும் பூவும் உலர்வதைக் கூறும் பகுதியில், வரிகளுக்கிடையிலும் ஓரத்திலும் பிந்திய கை ஒன்று சில சொற்களைச் சேர்த்திருப்பதை மாணவர் கண்கூடாகக் காணலாம். முதல் எழுத்தர் கண் தாவி விட்டுவிட்டாரோ, அன்றி அவர்முன் இருந்த பாடமே குறுகியதோ என்பதை விவாதிக்க விடலாம். நிலைத்திருக்கும் வசனம் நம்மிடம் மனிதக் கைகளின் வழியாகவே வந்தடைந்தது என்பதை அவ்வொரு பக்கம் போதிக்கும்.

3. நினைவுக்குத் துணை

கிரேக்கப் புதிய ஏற்பாட்டில் ஐம்பது முறைக்கு மேல் வரும் சொற்கள் ஏறத்தாழ 310 மட்டுமே. ஆயினும் நூல் முழுவதிலுமுள்ள சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு இவையே. இவற்றைக் கற்பதற்குக் கைப்பேசியிலுள்ள சொல்லட்டைச் செயலி பெரிதும் உதவும். ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளவியலாளர் 2006இல் வெளியிட்ட சோதனையில், பாடத்தை மீண்டும் வாசித்தவர்கள் சில நிமிடங்களுக்குப்பின் மிகுதியாக நினைவுகூர்ந்தனர். ஒரு வாரத்திற்குப் பின்னரோ, தம்மைத் தாமே சோதித்துக் கொண்டவர்களே முந்தினர். ஆதலால் வகுப்பின் தொடக்கத்தில் ஐந்து வினாக்கள் கொண்ட சிறு சோதனையைக் கைப்பேசி வழியே வைப்பது தகும். மதிப்பெண் வேண்டியதில்லை. கேம்பிரிட்ஜின் டின்டேல் இல்லத்தில் உருவான ‘ஸ்டெப் பைபிள்’ என்னும் இலவசக் கருவியைக் கணினியில் இறக்கிக் கொண்டால், இணைய இணைப்பின்றியும் மூலமொழிச் சொற்களை ஆராயலாம். சிற்றூர்ச் சேகரங்களுக்குச் செல்லவிருக்கும் மாணவருக்கு இது சிறப்பாகப் பயன்படும்.

4. திரைக்கு அப்பால் இருப்பவர்

2020இல் நாம் செய்த தவறொன்றை இங்குச் சொல்லியாக வேண்டும். இணைய வகுப்பில் ஒரு மாணவர் இரண்டு மாதங்கள் தம் முகத்தைக் காட்டவில்லை. திரையில் அவர் பெயர் மட்டும் நின்றது. அவரை அக்கறையற்றவர் எனக் கருதி, பங்கேற்பு மதிப்பெண்ணைக் குறைத்தோம். கல்லூரி மீண்டும் திறந்தபோது அவர் ஒரு குறிப்பேட்டைக் கொண்டுவந்தார். காணொளியை இயக்கினால் அன்றைய இணைய அளவு தீர்ந்துபோகும். மாலையில் அவர் தங்கையின் பள்ளிப் பாடத்திற்கும் வீட்டில் அவ்வொரு கைப்பேசியே. எனவே ஒலியை மாத்திரம் கேட்டு, நமது விரிவுரைகளை ஏறக்குறைய முழுவதும் கைப்பட எழுதியிருந்தார். மதிப்பெண்ணைத் திருத்தினோம், ஆயினும் விசாரியாமல் தீர்ப்பிட்டது நம்மை இன்றும் உறுத்துகிறது.

அதன்பின் சில ஒழுங்குகளை மேற்கொண்டோம். வாசிப்புப் பகுதிகளையும், பத்து நிமிடத்திற்கு மேற்படாத ஒலிப்பதிவுகளையும் சிறிய கோப்புகளாக முன்னதாகவே அனுப்புகிறோம். 2002இல் வெளியான ‘மூடுல்’ போன்ற இலவச மென்பொருள் இதற்குப் போதுமானது. நேரடி நேரத்தைக் கலந்துரையாடலுக்கென்றே ஒதுக்குகிறோம். முகம் காட்டாதவரைத் தனியே அழைத்து நலம் விசாரிக்கிறோம். இது தொழில்நுட்பமன்று, மேய்ப்புப் பணியே.

5. எழுதித் தரும் இயந்திரம்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானது முதல் புதிய சிக்கல் எழுந்துள்ளது. கேட்டவுடன் கட்டுரையும் பிரசங்கமும் எழுதித் தரும் இயந்திரம் மாணவரின் கையில் உள்ளது. அது இல்லாத நூல்களையும் இருப்பதுபோல் மேற்கோள் காட்டவல்லது என்பதை மாணவருக்கு மெய்ப்பித்துக் காட்ட வேண்டும். தடை விதிப்பதினும் மேலான வழிகள் உண்டு. இயந்திரம் எழுதிய விளக்கவுரை ஒன்றை வகுப்பில் கொடுத்து, மூலபாடத்தோடு ஒப்பிட்டுப் பிழை காணச் செய்யலாம். கட்டுரையை ஒப்படைக்கும் மாணவரைப் பத்து நிமிடம் வாய்மொழியாக வினவலாம். தாம் பாடுபட்டு அறியாத ஒன்றைப் பிரசங்க பீடத்தில் நின்று பேசும் போதகர், துக்க வீட்டில் ஒரு தாயின் கேள்விக்கு முன் வெறுங்கையோடு நிற்க நேரிடும். அவ்வேளையில் கைப்பேசியை எடுத்துப் பார்க்க இயலாது.

முடிவுரை

மேற்கூறியவற்றைச் சுருக்கிக் கூறின்: மாணவர் தாமே கண்டறிய உதவும் கருவியைத் தெரிந்துகொள்வோம், மிகக் குறைந்த வசதியுடைய மாணவரை அளவுகோலாக வைத்துப் பாடத்தைத் திட்டமிடுவோம், ஒரு பருவத்திற்கு ஒரு புதிய கருவியே போதும் என்று நிறுத்திக் கொள்வோம், கருவியால் மிச்சமாகும் நேரத்தை மேலும் பாடம் திணிக்கப் பயன்படுத்தாமல், கேள்விகளுக்குச் செவிகொடுக்கச் செலவிடுவோம்.

நாணயத்தைக் கையில் வாங்குவது எளிது. அதைக் கொண்டு எவ்வினாவை எழுப்புவது என்பதே ஆசிரியப் பணியின் கடினம். அவ்வினாவை ஒவ்வொரு வகுப்புக்கு முன்னும் எழுதி வைத்துக்கொண்டு, பின்னரே கருவியை இயக்குவோமாக.