அடுப்பு நன்றாக எரிய வேண்டுமானால்

தோட்டத்து வீடுகளில் இன்று எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் விறகடுப்பு நம்மை விட்டுப் போய்விடவில்லை. வீட்டின் பின்புறத்தில் வெந்நீர் போடவும், எரிவாயுத் தோம்பு தீர்ந்துபோன நாளில் உலை வைக்கவும், பொங்கலுக்கும் கோயில் திருவிழாவுக்கும் பெரிய அண்டாவை ஏற்றவும் விறகடுப்பைத்தான் நாடுகிறோம்.

பாட்டி காலத்திலிருந்து பழகிய அடுப்புதானே, இதில் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது என்று தோன்றலாம். ஒரு வீட்டில் ஒரு கட்டு விறகில் சோறும் குழம்பும் ஆகிவிடுகின்றன. அடுத்த வீட்டில் அதே ஒரு கட்டு விறகு, உலை கொதிப்பதற்குள் தீர்ந்துவிடுகிறது. இது ஏன்? இந்தக் கேள்விக்கு விடை புகையில் இருக்கிறது.

புகை என்பது என்ன? அது எரியாமல் போன விறகு. இதை வீட்டிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். ஒரு மெழுகுவத்தியை ஏற்றி, சிறிது நேரம் கழித்து ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெண்புகை எழும்பும். உடனே எரியும் தீக்குச்சியை அந்தப் புகையின்மேல் காட்டுங்கள். திரியைத் தொடாமலேயே, தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். புகைக்குள் எரியக்கூடிய பொருள் இருப்பதால்தான் இப்படி நடக்கிறது.

விறகும் இப்படித்தான். சூடேறும்போது முதலில் அதிலுள்ள ஈரம் ஆவியாகிறது. பிறகு மரத்திலிருந்து வாயுக்கள் வெளிவருகின்றன. நாம் காணும் தீச்சுடர், அந்த வாயுக்கள் எரிவதுதான். கடைசியில் கரி மிஞ்சித் தணலாக எரிகிறது. விறகு தரும் வெப்பத்தில் பாதிக்கு மேல் அந்த வாயுக்களில் இருக்கிறது. அவை எரிந்தால் நமக்குச் சூடு கிடைக்கும். எரியாவிட்டால் புகையாகக் கூரைக்குப் போய்விடும். ஆகவே புகைகிற அடுப்பு இரண்டு வகையில் நட்டம் செய்கிறது. விறகையும் வீணாக்குகிறது, நெஞ்சையும் கெடுக்கிறது.

புகையைக் குறைக்க முதல் வழி, விறகைக் காயவைப்பது. அப்போதே வெட்டிய ரப்பர் மரம் 10 கிலோ எடுத்தால், அதில் மூன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர்தான் இருக்கும். ஒரு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்கு வெப்பம், கொதித்த அந்த நீரை முழுவதும் ஆவியாக்கத் தேவைப்படுகிறது. பச்சை விறகை அடுப்பில் வைத்தால் அது முதலில் தன்னுடைய தண்ணீரைத்தான் காய்ச்சுகிறது. நம் பானைக்கு மிச்சம்தான் வந்து சேரும்.

விறகு காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது? இரண்டு துண்டுகளை ஒன்றோடொன்று தட்டுங்கள். 'டங்' என்று கணீரென ஒலித்தால் காய்ந்தது. மந்தமாக ஒலித்தால் ஈரம் இருக்கிறது. காய்ந்த விறகின் முனையில் வெடிப்புகள் தெரியும். எரியும்போது முனையில் நுரை கட்டினால் அது இன்னும் காயவில்லை.

நம் நாட்டில் மழைக்குக் காலமில்லை. அதனால் விறகை வெட்டியவுடன் இரண்டு மூன்று விரல் கனத்துக்குப் பிளந்துவிட வேண்டும். பட்டையோடு உருண்டையாக விட்டால் உள்ளே ஈரம் தங்கும். ரப்பர் மரத்தில் மாவுச்சத்து அதிகம். பூஞ்சணமும் வண்டும் சீக்கிரம் பிடிக்கும். பிளந்த துண்டுகளைச் செங்கல்லின்மேல், காற்றுப் புக இடைவெளி விட்டு அடுக்கி, மேலே தகரம் போடுங்கள். பக்கங்களை மூடாதீர்கள். இரண்டு மூன்று மாதம் சென்றால் நல்ல விறகு கிடைக்கும். அடுக்கை வீட்டுப் பலகைச் சுவரை ஒட்டி வைக்க வேண்டாம். கறையானுக்கும் தீக்கும் அது பாலம் போட்டுக் கொடுத்ததாகிவிடும்.

இரண்டாவது வழி, காற்று. அடுப்பு நிறைய விறகைத் திணித்தால் தீ மூச்சு முட்டிப் புகையும். மூன்று நான்கு துண்டுகள் போதும். அவற்றின் நுனி மட்டும் எரியட்டும். எரிய எரிய உள்ளே தள்ளிக்கொடுங்கள். தரையில் விறகை வைப்பதைவிட, அடுப்பின் வாயில் இரும்புக் கம்பிகளைத் தட்டிபோல் போட்டு அவற்றின்மேல் வைப்பது நல்லது. கம்பிக்குக் கீழே புகும் காற்று தணலின் ஊடாக மேலெழுந்து தீயை வளர்க்கும். கீழே சாம்பல் சேர்ந்தால் அந்த வழி அடைபடும். அதனால் ஒவ்வொரு நாளும் சாம்பலை அள்ளுங்கள்.

மூன்றாவது, எழுந்த சூட்டைப் பானையில் பிடித்துவைப்பது. மூன்று கல் அடுப்பில் காற்றடிக்கும் இடத்தில் சமைத்தால், நூற்றில் 10 முதல் 20 பங்கு வெப்பம்தான் பாத்திரத்தில் சேரும். மற்றது காற்றோடு போகும். பாத்திரத்தைச் சுற்றி விரல் நுழையும் அளவு இடைவெளி விட்டு மண்சுவர் எழுப்பினால், சூடு பாத்திரத்தின் பக்கங்களைத் தடவிக்கொண்டு போகும். மூடி போட்டுச் சமையுங்கள். பயறு, கொண்டைக்கடலையை முதல்நாள் இரவே ஊறவையுங்கள். கொதி வந்தபின் தீயைக் குறையுங்கள். கொதிக்கும் தண்ணீர் பெரிய தீயினால் மேலும் சூடாவதில்லை, வற்றத்தான் செய்யும்.

இனி, உயிருக்கு வரும் ஆபத்தைப் பார்ப்போம். உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2020ஆம் ஆண்டில் வீட்டு அடுப்புப் புகை முதலியவற்றால் உலகெங்கும் ஏறக்குறைய 32 லட்சம் பேர் இறந்தனர். அவர்களில் 2 லட்சத்து 37 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். அடுப்பண்டை அதிக நேரம் இருப்பவர்கள் தாய்மாரும் அவர்கள் இடுப்பிலிருக்கும் பிள்ளைகளுமே. நாள்தோறும் மூச்சில் போகும் புகை நிமோனியாவுக்கும் நுரையீரல் நோய்க்கும் இதய நோய்க்கும் வழிசெய்கிறது. ஆகவே கைக்குழந்தையோடு அடுப்பின்முன் உட்காராதீர்கள். சன்னலையும் பின்கதவையும் திறந்துவையுங்கள். இயன்றால் அடுப்பை வெளித் தாழ்வாரத்துக்கு மாற்றுங்கள். புகைபோக்கி வைத்தால் அதன் வாய் கூரைக்கு மேலே உயர்ந்து நிற்க வேண்டும். உள்ளே படியும் புகைக்கரி தீப்பற்றக்கூடியது. அதை அவ்வப்போது துடைத்தெடுக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பை, டயர், சாயம் பூசிய பலகை, மருந்தடித்த மரம் இவற்றை அடுப்பில் இடவே கூடாது. அவற்றின் புகை நஞ்சு. ஒட்டுப்பாலைக் கொளுத்தித் தீ மூட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். தேங்காய் மட்டையின் நாரும் காய்ந்த சுள்ளியும் போதும். தணல் இருக்கும் அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள். தீ நம் கைக்கே பாய்ந்து வரும்.

புகை இல்லாத தணலிலும் ஓர் ஆபத்து உண்டு. கரித்தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு வருகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தில் பிராணவாயு இருக்க வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஆகாதென்று சிலர் தணல் சட்டியை அறையில் வைத்துக் கதவை மூடிவிடுகிறார்கள். அன்பினால் செய்வதுதான், ஆனால் தாயும் சேயும் தூக்கத்திலேயே இறந்துபோகலாம். மூடிய அறையில் தணல் வேண்டாம். தணல் இருக்கும் இடத்தில் தலைவலி, மயக்கம், வாந்தி வந்தால் உடனே எல்லாரையும் வெளிக்காற்றுக்குக் கொண்டுவந்து, 999 எண்ணுக்குத் தொலைபேசியில் சொல்லுங்கள்.

லயத்து வீடுகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக நிற்பவை. அங்கே ஒரு வீட்டில் பிடித்த தீ அந்த வீட்டோடு நிற்காது. அடுப்பைச் சுற்றி மூன்றடிக்குள் துணியும் விறகும் குழந்தையும் இருக்கக் கூடாது. நைலான் சேலையோடு அடுப்பூத வேண்டாம். படுக்கப்போகும் முன் தணலை நீர் தெளித்து அணையுங்கள். அள்ளிய சாம்பலில் மறுநாள் வரையிலும் நெருப்பு உறங்கும். அதை மூடியுள்ள தகர வாளியில் போடுங்கள்.

சேலையில் தீப்பற்றினால் ஓடாதீர்கள். தரையில் படுத்து உருளுங்கள். தீப்புண்ணுக்குப் பற்பசையும் மையும் மருந்தல்ல. ஓடும் குளிர்ந்த தண்ணீரில் 20 நிமிடம் காட்டி, சுத்தமான துணியால் தளர மூடி, மருத்துவரிடம் போங்கள்.

காய்ந்த விறகு, கீழிருந்து காற்று, பாத்திரத்துக்கு மூடி, அறைக்குத் திறந்த சன்னல். இவற்றுக்கு அதிகச் செலவில்லை. நாளைக் காலை அடுப்பு மூட்டும்போது புகையைக் கவனியுங்கள். புகை அதிகமாக இருந்தால் இந்த நான்கில் எது குறைகிறதென்று பாருங்கள். குறையைத் திருத்தினால் விறகும் மிஞ்சும். பிள்ளைகளின் மூச்சும் நலமாக இருக்கும்.