சார்ஜரில் கலக்கும் கேலியம் நைட்ரைடு, இ.வி. மோட்டார் பக்கம் தயங்குவது ஏன்?

லேப்டாப்புக்குச் செங்கல் சைஸ் அடாப்டரைத் தூக்கிக்கொண்டு அலைந்த காலம் போய், உள்ளங்கையில் அடங்கும் 65 வாட் சார்ஜர் வந்துவிட்டது. சிலிக்கானுக்குப் பதிலாக உள்ளே கேலியம் நைட்ரைடு. அப்படின்னா எலெக்ட்ரிக் காரில் மோட்டாரை இயக்கும் இன்வெர்ட்டரிலும் இதையே போட்டுடலாமே? அங்கே இன்னமும் சிலிக்கானும் சிலிக்கான் கார்பைடும்தான் ராஜா.

‘இதில் எலக்ட்ரான் வேகமா ஓடும்’ என்று கேள்விப்பட்டிருப்பீங்க. பாதிதான் உண்மை. மின்புலம் தள்ளும்போது எலக்ட்ரான் எவ்வளவு சுலபமாக நகர்கிறது என்பதைச் சொல்வது இயக்க எண். சிலிக்கானில் அது சுமார் 1,400. சார்ஜர் சிப்பில் மின்சாரம் மேற்பரப்பை ஒட்டிய மெல்லிய அடுக்கில் பக்கவாட்டில் ஓடுவதால், சுமார் 2,000 கிடைக்கிறது. ஆனால் 1,200 வோல்ட் மாதிரி உயர் அழுத்தம் என்றால், தடிமனான அடுக்கு வழியே மேலும் கீழுமாக மின்சாரத்தை விடுவதே சிப்பின் அளவுக்கு நல்லது. அங்கே நல்ல படிகத்திலேயே 1,000-ஐ ஒட்டித்தான் வரும். சிலிக்கானைவிடக் கம்மி!

பிறகு எதுக்கு இது? சிலிக்கானைப் போல சுமார் 10 மடங்கு மின்புலத்தைத் தாங்கும். அதனால் அடுக்கு பத்தில் ஒரு பங்கு தடிமன் இருந்தாலே போதும்.

சிக்கலே இங்கேதான். பிளஸ் டூ பிசிக்ஸில் படித்த ‘மாசூட்டல்’ ஞாபகம் இருக்கா? எலக்ட்ரான் தருவதற்காக வேற்று அணுக்களைக் கலப்பது. இதில் கலப்பது, வேடிக்கையாக, சிலிக்கானைத்தான். அழுத்தத்தைத் தாங்க வேண்டுமானால் ரொம்பக் கொஞ்சமாகக் கலக்கணும்: 40 லட்சம் கேலியம் அணுக்களுக்கு ஒன்று என்ற அளவில். மாசு குறைந்தால் எலக்ட்ரான் தடையின்றி ஓட வேண்டும் இல்லையா? தரம் குறைந்த படிகத்தில் நடப்பது தலைகீழ். எலக்ட்ரான் கூட்டம் இருந்தால், படிகக் குறைகளின் மின்னூட்டத்தை அதுவே மறைத்துவிடும். கூட்டம் மெலிந்தால் மறைக்க ஆளில்லை. ஒவ்வொரு குறையும் எலக்ட்ரானைச் சிதறடிக்கும்.

இன்னொரு வில்லன் கார்பன். படிகம் வளர்க்கப் பயன்படும் ட்ரைமெத்தில் கேலியத்திலேயே அது இருக்கிறது. அடுக்குக்குள் நுழைந்து, சிலிக்கான் தந்த எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சிலிக்கானே இவ்வளவு கொஞ்சம் என்னும்போது, துளி கார்பன் வந்தாலும் கணக்கு உதைக்கும்.

2014-ல் நோபல் வென்ற நீல எல்.இ.டி.யும் இதே பொருள்தான். அது சதுர செ.மீ.க்குக் கோடிக்கணக்கான குறைகளோடும் பிரகாசமாக எரியும். பவர் சிப்புக்கு அந்தச் சலுகை இல்லை. நோபல் பெற்றவர்களில் ஒருவரான ஹிரோஷி அமானோ, இப்போது ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தில் பவர் சிப் ஆய்வில் இறங்கியிருக்கிறார். கார்பன் இல்லாத கேலியம் குளோரைடை வைத்து அடுக்கு வளர்ப்பது ஒரு வழி. குறைகள் குறைவான கேலியம் நைட்ரைடு தட்டின் மேலேயே வளர்ப்பது இன்னொன்று. ஆனா அந்தத் தட்டு சின்னது, விலையோ சிலிக்கான் தட்டைவிடப் பல மடங்கு.