மேற்கை எலும்பின் மேல்முனை முறிவு ஆறுவதில் ஏற்படும் சிக்கல்கள்

மேற்கை எலும்பின் மேல்முனை முறிவு என்பது, தோளிலிருந்து முழங்கை வரை செல்லும் எலும்பு தோள்மூட்டை ஒட்டிய பகுதியில் உடைவதைக் குறிக்கும். இம்முறிவுகளில் பெரும்பாலானவற்றில் துண்டுகள் அதிகம் விலகுவதில்லை. கையைத் தூக்குத் துணியில் தாங்கி வைத்தாலே ஆறிவிடும். எஞ்சியவற்றில் எலும்பு ஒட்டாமல் போகலாம், கோணலாக ஒட்டலாம், அல்லது எலும்பின் தலை குருதியோட்டமின்றி இறக்கலாம்.

முதியோருக்கு நின்ற நிலையில் தவறி விழுந்தாலே இம்முறிவு ஏற்படும். இளையோருக்கு வலுவான அடி தேவை. உருக்காலைகளும் உருட்டாலைகளும் நிறைந்த கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டை போன்ற இடங்களில் உயரத்திலிருந்து விழுதலும், அதனருகே செல்லும் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் இருசக்கர வாகன விபத்தும் அத்தகைய அடிக்கு எடுத்துக்காட்டுகள்.

அமைப்பும் குருதியோட்டமும்

எலும்பின் மேல்முனையில் அரைக்கோள வடிவத் தலையும், தசைநாண்கள் பற்றியுள்ள இரு புடைப்புகளும் உள்ளன. அவற்றுக்குக் கீழே எலும்பு ஒடுங்கும் இடம் "அறுவைக் கழுத்து" எனப்படும். பெயர் குழப்பமானது, எலும்பு அடிக்கடி உடையும் இடம் என்பதாலேயே அப்பெயர். அமெரிக்க மருத்துவர் சார்லசு நீர் 1970 இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி, ஒரு துண்டு 1 செ.மீ.க்கு மேல் விலகினாலோ 45 பாகைக்கு மேல் சாய்ந்தாலோதான் அது தனித் துண்டாகக் கணக்கிடப்படும்.

தலைக்குச் செல்லும் குருதி, எலும்பைச் சுற்றிவரும் இரு தமனிகளிலிருந்து வருகிறது. முறிவு தலைக்கு மிக அருகில் அமைந்தாலோ, உட்புறத்தில் எலும்புறை கிழிந்தாலோ இவ்வழி துண்டிக்கப்படலாம். தலை இறப்பது உடனே தெரிவதில்லை. முறிவு ஒட்டிய பின்னரும், சில ஆண்டுகள் கழித்தும் எக்சு-கதிர்ப் படத்தில் தலை சிதைந்து காணப்படலாம்.

ஒட்டாமை

ஆறு மாதங்கள் கடந்தும் எலும்பு இணையாவிட்டால் பொதுவாக ஒட்டாமை எனக் கருதுவர். அறுவைக் கழுத்தில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. துண்டுகளுக்கிடையே தசை சிக்கிக்கொள்ளுதல், கனமான மாவுக்கட்டு கையைக் கீழே இழுத்து இடைவெளியை அகற்றுதல், புகைபிடித்தல், நீரிழிவு ஆகியன காரணங்கள். இதில் ஏமாற்றும் அறிகுறி ஒன்று உண்டு. தோள்மூட்டு இறுகிவிட, கை அசைவதெல்லாம் முறிவின் இடைவெளியிலேயே நிகழும். கை ஓரளவு உயர்வதால் முறிவு ஒட்டிவிட்டதாக நோயாளி எண்ணக்கூடும்.

கோணலாக ஒட்டியதில் வலி குறைவாக இருக்கலாம். ஆனால் வெளிப்புடைப்பு சில மில்லிமீட்டர் மேலேறி ஒட்டினாலும் அது தோள்பட்டை எலும்பின் கூரையில் இடித்து, கையைத் தலைக்கு மேல் தூக்கவிடாது. பாரம் தூக்குபவருக்கு இது பிழைப்பைப் பாதிக்கும் குறை.

புத்தூர் கட்டு

திருவள்ளூர் மாவட்டத்தில் எலும்பு முறிந்தால் பலர் நாடுவது புத்தூர் கட்டு. திருத்தணியைக் கடந்து நகரி வழியாகச் சென்றால் வரும் ஆந்திரப் பிரதேசப் புத்தூரின் பெயரால் இது அழைக்கப்படுகிறது. மூலிகைப் பற்று, முட்டையின் வெண்கரு, மூங்கிற் பட்டைகள், துணி ஆகியவற்றால் கட்டுவர். விலகாத முறிவுகள் பல இதில் ஆறுகின்றன. அவை தூக்குத் துணியிலும் ஆறக்கூடியவையே. தோளருகே உள்ள தடை இயந்திரவியல் சார்ந்தது. பட்டை ஒரு முறிவை அசையாமல் நிறுத்த, அதற்கு மேலும் கீழும் பிடிமானம் வேண்டும். இங்கு மேல்துண்டு குட்டையானது. அது தசைக்குள் புதைந்து, மூட்டுக்குள் சுழல்கிறது. வெளியிலிருந்து எந்தப் பட்டையும், மாவுக்கட்டும்கூட, அதைப் பிடிக்க இயலாது. எனவே எக்சு-கதிர்ப் படம் எடுக்காமல் கட்டுவது, விலகிய துண்டை விலகிய இடத்திலேயே விட்டுவிடுவதாகும். கட்டிய பின் விரல்கள் வீங்கினாலோ, மரத்தாலோ, நிறம் மாறினாலோ உடனே கட்டைத் தளர்த்தி மருத்துவமனைக்குச் செல்லவேண்டும்.

சிகிச்சை

விலகாத முறிவில் ஓரிரு வாரங்களில் ஊசற் பயிற்சி தொடங்கப்படும். முன்னால் குனிந்து, தளர்ந்து தொங்கும் கையை மெல்ல ஆட்டுவதே அது. நெடுநாள் அசையாதிருப்பது மூட்டை இறுக்கிவிடும். விலகிய முறிவுக்கெல்லாம் அறுவை தேவை என்பதும் சரியன்று. பிரித்தானியாவில் 250 நோயாளிகளைக் கொண்டு நடத்தி 2015 இல் வெளியிடப்பட்ட புரோஃபர் ஆய்வில், அறுவை செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் இடையே ஈராண்டு முடிவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஒட்டாமைக்கு உலோகத் தகடு பொருத்தி, தேவையெனில் இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து ஒட்டுவர். தலை சிதைந்த முதியோருக்குச் செயற்கை மூட்டு பொருத்தப்படும்.

ஆலைத் தொழிலாளருக்கு ஓய்வுக்காலம் வருமான இழப்பாகும். தொழிலாளர் அரசுக் காப்பீட்டில் (இ.எஸ்.ஐ.) சாதாரண நோய்க்கால உதவி ஆண்டுக்கு 91 நாட்கள் மட்டுமே, ஒட்டாமை உறுதிப்படுமுன் அது தீர்ந்துவிடும். ஆயினும் நீட்டித்த உதவிக்குரிய நெடுநாள் நோய்களின் பட்டியலில் முறிவு ஒட்டாமையும், ஒட்டுவதில் தாமதமும் இடம்பெற்றுள்ளன. பணியின்போது ஏற்பட்ட காயமெனில், தற்காலிக இயலாமை நீடிக்கும் வரை ஊதியத்தில் 90 விழுக்காடு வழங்கப்படுகிறது. இதற்கு விபத்து நிகழ்ந்தது ஆலையின் விபத்துப் பதிவேட்டில் பதிவாகியிருப்பது முக்கியம்.