வெடி ஆபீஸ் பஸ்ஸும் மாலே விமானமும்

1980களில் சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களில் கோழி கூவுவதற்கு முன்பே பஸ் சத்தம் கேட்கும். தீப்பெட்டி ஆபீஸ் பஸ், வெடி ஆபீஸ் பஸ் என்று அதற்குப் பெயர். தூக்குவாளியோடு பிள்ளைகள் ஏறுவார்கள். மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவது, பெட்டி ஒட்டுவது, லேபிள் ஒட்டுவது என்று எல்லாமே எண்ணிக்கைக்குக் கூலி. பொழுது சாயத்தான் திரும்புவார்கள்.

இன்று அதே ஊர்களிலிருந்து நள்ளிரவில் வாடகைக் கார் கிளம்புகிறது. உள்ளே கல்யாணமாகி ஓரிரு வருடமே ஆன கணவனும் மனைவியும். அவர் கணக்கு வாத்தியார், அந்தப் பெண் ஆங்கிலம். பெட்டியில் இட்லிப்பொடி, புளி, குக்கர், முத்திரை குத்தி வாங்கிய பி.எட். சான்றிதழ்கள். செங்கோட்டை வழியாகத் திருவனந்தபுரம் போய் விமானம் ஏறினால் ஒன்றரை மணி நேரத்துக்குள் மாலத்தீவின் தலைநகர் மாலே. அங்கிருந்து படகு. எங்கோ ஒரு பவளத்தீவில், அரைமணியில் சுற்றி வந்துவிடக்கூடிய ஊரில், இருவருக்கும் ஒரே பள்ளிக்கூடத்தில் வேலை.

பஸ்ஸில் ஏறிய தலைமுறைக்கும் காரில் ஏறும் தலைமுறைக்கும் நடுவே முப்பது, நாற்பது வருடம்தான். இந்த மாற்றத்தைச் செய்தது படிப்பு. அந்தப் படிப்புக்குக் காசு கொடுத்ததில் பெரும்பங்கு பருத்தி, மிளகாய் வத்தல், தீப்பெட்டி, பட்டாசு வியாபாரத்தினுடையது. விருதுப்பட்டி என்று அப்போது பெயர் கொண்ட விருதுநகரில் நாடார் உறவின்முறையார் மகமை வசூலித்தும் வீடுதோறும் பிடியரிசி வாங்கியும் பள்ளி நடத்திய காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி. அந்த சத்திரிய வித்யாசாலாவில்தான் காமராஜர் படித்தார். 1922இல் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த பிறகு சிவகாசி கையிலும் காசு புரண்டது. 1963இல் ஐய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி வந்தது. 1968இல் ஸ்டாண்டர்டு பயர்வொர்க்ஸ் இராஜரத்தினம் மகளிர் கல்லூரி வந்தது. பட்டாசுக் கம்பெனியின் பெயரைத் தாங்கிய கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்து வெளிவரும் பெண்களை வேறு எந்த ஊரில் பார்க்க முடியும்?

ஆனால் அந்தக் கல்லூரி வாசலுக்கும் ஆபீஸ் பஸ்ஸில் போன பிள்ளைக்கும் இடையே நெடுங்காலம் தூரம் அதிகமாகவே இருந்தது. 1986இல் குழந்தைத் தொழிலாளர் தடைச்சட்டம் வந்தது. 1996 டிசம்பரில், சிவகாசியை வைத்து வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில், பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சத்துணவும் அரசுப் பள்ளியும் ஏற்கெனவே இருந்தன. சட்டமும் மிரட்டியபோது பிள்ளைகள் மெல்ல மெல்ல பஸ்ஸிலிருந்து இறங்கிப் பள்ளிக்கூடம் போனார்கள். மாலத்தீவுக்குப் போகும் இன்றைய வாத்தியார்கள் பலரின் அம்மாக்கள் தீப்பெட்டி ஒட்டியவர்கள். வீட்டில் முதல் பட்டதாரி இவர்கள்தான்.

வெளிநாட்டுக்கு வாத்தியார் வேலைக்குப் போவது தென்னாட்டுக்குப் புதிதல்ல. 1950களிலிருந்து எத்தியோப்பியாவுக்கு இந்திய ஆசிரியர்கள் ஆயிரக்கணக்கில் போனார்கள். பேரரசர் ஹெய்லி செலாசி காலத்தில் அந்நாட்டுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணக்கும் சொல்லிக்கொடுத்தவர்களில் மலையாளிகள் அதிகம், தமிழர்களும் இருந்தார்கள். எழுபதுகளில் எண்ணெய்ப் பணத்தில் பள்ளிகளைப் பெருக்கிய நைஜீரியா அழைத்தது. பிறகு பக்கத்திலேயே ஒரு வாசல் திறந்தது. மாலத்தீவு 1961இல் தலைநகரின் மஜீதியா பள்ளியை ஆங்கில வழிக்கு மாற்றியது. 1978க்குப் பிறகு வெளித்தீவுகளிலும் பள்ளிகளைக் கட்டியது. கட்டடம் வந்தது, ஆசிரியர் இல்லை. அந்நாட்டு மொழியான திவேஹியும் இஸ்லாமும் சொல்லித்தர உள்ளூர்க்காரர்கள் உண்டு. ஆங்கிலம், கணக்கு, அறிவியலுக்கு இலங்கையிலிருந்தும் கேரளத்திலிருந்தும் தமிழ்நாட்டின் தென்மாவட்டங்களிலிருந்தும் ஆள் எடுத்தார்கள்.

தொண்ணூறுகளில் போய்வந்து இப்போது விருதுநகரில் ஓய்வாக இருக்கும் ஒரு வாத்தியாரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “அப்பல்லாம் கடுதாசிதான் தம்பி. இங்கருந்து போட்ட கடுதாசி மாலே போயி, அங்க படகுக்குக் காத்துக்கெடந்து, தீவுக்கு வர்றதுக்குள்ள எங்கம்மாவுக்கு வந்த காய்ச்சல் சரியாப் போயிருக்கும்” என்றார். அவர் தனியாளாகப் போனவர். மனைவி சாத்தூரில் மாமியாரோடு இருந்தார். வருடக் கடைசி லீவுக்கு வந்து போகும்போது அழாத வருடம் இல்லை என்று அந்த அம்மா உள்ளேயிருந்து குரல் கொடுத்தார்.

அன்று தீவு வாழ்க்கையின் நாடித்துடிப்பு சரக்குப் படகுதான். தூத்துக்குடியிலிருந்து தோணிகள் வெங்காயமும் காய்கறியும் செங்கலும் ஏற்றிக்கொண்டு மாலே போகும். அங்கிருந்து தீவுக்கு வருவதற்குள் தக்காளி பாதி கசிந்திருக்கும். கடல் கொந்தளித்தால் படகு வராது. அப்போது சோறு, தேங்காய், மீன் மட்டும்தான். சைவம் சாப்பிடுகிறவர் பாடு திண்டாட்டம். முருங்கை மட்டும் அங்கேயும் உண்டு. சீமைப்பலாவைப் பொரித்துச் சமாளிக்கலாம். தூத்துக்குடி, இலங்கைச் சமையற்கட்டுக்காரர்கள் மாசி என்று கொண்டாடும் அந்தக் கட்டைபோன்ற சூரைக் கருவாட்டின் தாய்வீடு மாலத்தீவுதான். லீவில் வருகிறவர் பெட்டியைத் திறந்தால் முதலில் வருவது அதன் மணம்.

பள்ளி காலை, மதியம் என்று இரண்டு நேரமாக நடந்த காலம் அது. வகுப்பில் ஒரு வேடிக்கையான சிக்கல். திவேஹிக்கான தானா எழுத்து வலமிருந்து இடம் ஓடும். ஆங்கில நோட்டில் சில வாண்டுகள் கடைசிப் பக்கத்தில் ஆரம்பித்துவிடுவார்கள். பாடப்புத்தகமோ பிரிட்டிஷ் தேர்வை நோக்கி எழுதப்பட்டது. அதில் ரயில் நிலையம் வரும், மலை வரும், ஆற்றுப்பாலம் வரும். அந்த நாட்டின் மிக உயரமான இயற்கை மேடே கடல்மட்டத்திலிருந்து சுமார் 2.4 மீட்டர். ரயிலைக் கண்ணால் பார்க்காத பிள்ளைக்கு ரயில் பயணம் பற்றிக் கட்டுரை எழுதச் சொல்லித்தர வேண்டும். விருதுநகர் ஜங்ஷனைப் பார்த்து வளர்ந்தவர் பலகையில் தண்டவாளம் வரைந்து, சிக்னல் வரைந்து, வாயால் கூவிக் காட்டியிருக்கிறார். வைப்பாற்றில் தண்ணீரைவிட மணலையே அதிகம் பார்த்த மனுஷன், நாலாபுறமும் கடல் சூழ்ந்த பிள்ளைகளுக்கு ஆறு என்றால் என்னவென்று விளக்கியிருக்கிறார்.

இன்று போகிறவர்களின் நாள் வேறு மாதிரி. பெரும்பாலும் சோடியாகப் போகிறார்கள். பள்ளிகள் ஒரே நேரப் பள்ளிகளாகிவிட்டன. ஞாயிறு முதல் வியாழன் வரை வேலை; வெள்ளி, சனி விடுமுறை. காலை ஆறுமணிக்கு மனைவி தோசை வார்க்கும்போது கைப்பேசி ஜன்னலில் சாய்ந்து நிற்கும். அதில் திருத்தங்கல்லிலிருந்து அம்மா, “மாவு புளிச்சிருக்காடி?” என்று கேட்பார். மதியம் பள்ளி முடிந்தால் மனைவி நோட்டுத் திருத்த, கணவர் பாத்திரம் கழுவ என்று வேலை பிரிகிறது. ஊரில் இருந்திருந்தால் இப்படிப் பிரிந்திருக்குமா என்பது சந்தேகம்தான். மாமியார் கண்ணெதிரே மருமகன் பாத்திரம் கழுவுவது நம் பக்கத்தில் இன்னும் செய்தியாகிற விஷயம். லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் போட்டு வளர்ந்த சிவகாசிப் பெண்ணுக்கு, கூரையிலிருந்து வடியும் மழைநீரைத் தொட்டியில் பிடித்துக் குடிப்பது முதலில் ஆச்சரியமாகவும் பிறகு பழக்கமாகவும் ஆகிவிடுகிறது.

மாறாத ஒன்று உண்டு. அங்கே இஸ்லாம்தான் அரச மதம். வேறு மத வழிபாட்டைப் பொதுவில் நடத்த முடியாது. சாமி விக்கிரகம் கொண்டுபோகவும் தடை. தீபாவளி வேலைநாளாகவே வரும். இந்தியாவின் பட்டாசில் பெரும்பகுதியைச் செய்யும் ஊரில் பிறந்த இருவர், தீபாவளியன்று காலை வழக்கம்போல் முதல் பாடவேளைக்குப் போவார்கள். சாயங்காலம் கைப்பேசியில் தெருவைக் காட்டச் சொல்லிக் கேட்பார்கள்.

காசு விஷயத்துக்கு வருவோம். ஏன் போகிறார்கள் என்பதற்கு அன்றும் இன்றும் ஒரே பதில்தான். அன்று வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு மூப்புக்காகக் காத்திருக்க வேண்டும். பிறகு ஆசிரியர் தகுதித் தேர்வு வந்தது. 2012 ஜூலையில் நடந்த முதல் தேர்வில் எழுதியவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை. தனியார் பள்ளியில் பி.எட். முடித்தவருக்குத் தரும் சம்பளத்தை வெளியில் சொல்லக் கூச்சப்படுவார்கள். வெடி ஆபீஸில் கைத்திறன் உள்ள ஆள் அதைவிட அதிகம் சம்பாதிப்பதுண்டு. கல்லூரிகளைக் கட்டிய இந்த வட்டாரம், படித்தவர்களுக்கான வேலையை அதே அளவுக்குக் கட்டவில்லை.

1995 வாக்கில் ஒரு மாலத்தீவு ருஃபியாவுக்கு மூன்று ரூபாய்கூடத் தேறாது. இன்று அதிகாரப்பூர்வக் கணக்கில் ஐந்தரை ரூபாய்க்கு மேல். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் கையில் இருப்பது ருஃபியா. ஊருக்கு அனுப்பத் தேவைப்படுவது டாலர். அந்நாட்டில் டாலர் தட்டுப்பாடு. வங்கி வழியே மாதம் இவ்வளவுதான் அனுப்பலாம் என்று வரம்பு உண்டு. 2025 அக்டோபரில் அது 150 டாலராக இறங்கியது. மீதியை வெளியில் கூடுதல் விலைக்கு டாலர் வாங்கி அனுப்பினால் லாபத்தில் ஒரு துண்டு போய்விடும். அன்றைய வாத்தியார் சேர்த்ததைப் பையில் கொண்டுவந்து வீடு கட்டினார். இன்றைய தம்பதி சம்பாதிக்கும் பணம் அங்கேயே கணக்கில் கிடக்க, இங்கே கல்விக்கடனுக்குத் தவணை ஓடுகிறது.

“மாலத்தீவு எதுக்கு, சீனாவுக்குப் போங்க, அங்க இங்கிலீஷ் வாத்தியாருக்குக் கொட்டிக்குடுக்கான்” என்று டீக்கடையில் ஆலோசனை சொல்பவர்கள் உண்டு. சிவகாசிக்காரருக்குச் சீனா அந்நிய தேசமில்லை. வெடித்தொழிலில் போட்டி அங்கேயுள்ள லியூயாங் ஊரோடுதான். அச்சு இயந்திரம் பார்க்க குவாங்சோ சந்தைக்குப் போய்வந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள். ஆனால் வாத்தியார் வேலைக்கு அந்த வாசல் குறுகல். ஆங்கிலம் சொல்லித்தரும் வேலைக்கு அமெரிக்கா, பிரிட்டன், கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகளின் பாஸ்போர்ட்டைத்தான் அங்கே முதலில் கேட்கிறார்கள். பாடம் நடத்தும் திறமை அதற்கு அடுத்தது. 2021 ஜூலையில் சீன அரசு பாடத் தனிப்பயிற்சித் தொழிலையே முடக்கி, வெளிநாட்டில் இருந்தபடி இணையத்தில் பாடம் நடத்தும் ஆசிரியரை அமர்த்துவதற்கும் தடை போட்டது. இலக்கணப் பிழை இல்லாமல் ஆங்கிலம் சொல்லித்தரும் சாத்தூர்ப் பெண்ணுக்கு, பிறந்த ஊரே தகுதிக் குறைவாகிவிடுகிறது. மாலத்தீவில் அப்படியில்லை. அங்கே அவள் ‘மிஸ்’. அவளுக்கு முன்னால் போன மிஸ்கள் பேசிய ஆங்கிலத்தைக் கேட்டு வளர்ந்தவர்கள் இன்று அந்நாட்டில் அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள்.

2020இல் கொரோனா வந்து விமானங்கள் நின்றபோது, இந்தத் தொடர்பு எவ்வளவு பெரியது என்று வெளியில் தெரிந்தது. ஜூன் 7ஆம் தேதி கடற்படையின் ஐஎன்எஸ் ஜலஷ்வா மாலேயிலிருந்து எழுநூறு பேரைத் தூத்துக்குடியில் கொண்டுவந்து இறக்கியது. தோணியில் வெங்காயம் போன பாதையில் ஆட்கள் திரும்பி வந்தார்கள். அவர்களில் பலர் தனிமைப்படுத்தல் முடிந்த கையோடு எப்போது திரும்பலாம் என்று விசாரிக்கத் தொடங்கியதையும் சொல்ல வேண்டும்.

இந்த வாசலும் என்றைக்கும் திறந்தே இருக்காது. மாலத்தீவு தன் ஆசிரியர்களைத் தானே உருவாக்கிக்கொண்டு வருகிறது. ஆரம்ப வகுப்புகளில் உள்ளூர்க்காரர்களே அதிகம். வெளியாட்களுக்கு மிச்சம் மேல்வகுப்புகளும் எட்டாத தீவுகளும்தான். ஒரு சின்ன நாடு நாற்பது வருடத்தில் இரவல் ஆசிரியரிலிருந்து பெரும்பாலும் சொந்த ஆசிரியருக்கு வந்துவிட்டது. அதே நாற்பது வருடத்தில் நம் மாவட்டம் குச்சி அடுக்கிய பிள்ளையைப் பட்டதாரி ஆக்கியது. அந்தச் சாதனையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆங்கில வாத்தியார் இல்லாமல் ஒரு கிராமப் பள்ளி இங்கே காத்திருக்கும்போது, அதே ஊர்ப் பிள்ளைகள் இருவர் கடல் தாண்டிப் போய் அந்தப் பாடத்தை நடத்துவது நம் கணக்கு எங்கோ தப்பியதைத்தான் காட்டுகிறது. போகிறவர்களை யாரும் தடுக்க வேண்டியதில்லை. இங்கேயே இருவருக்கும் கௌரவமான சம்பளத்தில் வேலை கிடைத்தும் போக விரும்பினால், அதற்கு ஆசை என்று பெயர். இப்போது நடப்பதற்கு அந்தப் பெயர் பொருந்தாது.