கடலை மிட்டாயில் நம் பிள்ளைகளுக்குக் கிடைப்பது என்ன?



பிழைப்பைத் தேடிப் பட்டணங்களுக்கும் அயல் மாநிலங்களுக்கும் வந்து குடியேறியிருக்கிற நம்முடைய குடும்பங்களில், பிள்ளைகளின் தின்பண்டத்திற்காகச் செலவாகும் பணம் சிறிதல்ல. வேலை முடிந்து வீடு திரும்பும் தகப்பன் வெறுங்கையாய் வர மனமில்லாமல் கடையில் எதையாவது வாங்குகிறார். காலையில் அவசரமாய்ப் புறப்படுகிற தாய், பள்ளிப் பையில் எதையாவது வைத்து அனுப்புகிறார். அந்த "எதையாவது" என்பது என்ன என்பதைக் குறித்துத்தான் இம்மாதம் சிந்திக்கப் போகிறோம்.

பளபளக்கும் தாளில் சுற்றிய சாக்லேட்டே உயர்ந்தது, கண்ணாடிச் சாடியில் கிடக்கும் கடலை மிட்டாய் இல்லாதவர்களின் பண்டம் என்று நம்மில் அநேகர் எண்ணுகிறோம். வேறு சிலரோ, கடலை மிட்டாய் தின்றால் இரத்தம் ஊறும், வேறு ஆகாரம் குறைந்தாலும் பாதகமில்லை என்று நம்புகிறார்கள். இவ்விரண்டு எண்ணங்களும் சரியானவை அல்ல. அந்தச் சிறு துண்டுக்குள் இருப்பவற்றை அளந்து பார்த்தால் உண்மை விளங்கும்.

நம்மைச் சுற்றி விளையும் பயிர்

ரேணிகுண்டாவுக்கும் காளஹஸ்திக்கும் இடையே இருக்கும் ஏர்பேடு, 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் வரையில் சித்தூர் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. அதன்பின் புதிதாய் அமைந்த திருப்பதி மாவட்டத்திற்குள் வந்தது. இன்று ஐ.ஐ.டி. முதலான பெரிய கல்வி நிறுவனங்களால் அவ்வூரின் பெயர் எங்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் பழைய சித்தூர் மாவட்டத்தை நெடுங்காலமாய்ப் போஷித்து வந்த பயிர்களில் ஒன்று வேர்க்கடலை. வானத்து மழையை நம்பிச் செம்மண் நிலங்களில் விவசாயிகள் அதை விதைத்து வருகிறார்கள். திருப்பதியிலுள்ள வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் "நாராயணி", "தரணி" என்னும் வேர்க்கடலை ரகங்களை உருவாக்கித் தந்திருக்கிறது. தெலுங்கில் இதை வேருசெனக என்பார்கள். கடலை மிட்டாயைச் சிக்கி என்பார்கள். நம் ஊர்ப்பக்கத்தில் நிலக்கடலை என்றும், மணிலாக்கொட்டை என்றும், மல்லாட்டை என்றும் சொல்லி வளர்ந்தவர்களுக்கு இது அந்நியப் பண்டம் அல்ல.

இந்தக் கடலையின் அருமையை அரசாங்கங்களும் உணர்ந்திருக்கின்றன. 2020-ஆம் ஆண்டு ஜனவரியில் ஆந்திர அரசு பள்ளி மதிய உணவுத் திட்டத்தை மாற்றியமைத்தபோது, வாரத்தில் 3 நாட்கள் கடலை மிட்டாயையும் உணவோடு சேர்த்தது. (2024-இல் அத்திட்டத்தின் பெயர் டொக்கா சீதம்மாவின் பெயரால் மாற்றப்பட்டது.) தமிழ்நாட்டில் கரிசல் நிலத்துக் கோவில்பட்டியின் கடலை மிட்டாய்க்கு அதே 2020-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. சாடியில் கிடக்கும் பண்டம் என்று நாம் அற்பமாய் எண்ணக்கூடாது.

ஒரு துண்டுக்குள் இருப்பவை

30 கிராம் எடையுள்ள ஒரு துண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 18 கிராம் கடலையும் 12 கிராம் வெல்லமும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதிலிருந்து சரீரத்திற்குக் கிடைப்பது சுமார் 140 முதல் 150 கலோரி. புரதம் 4 கிராமுக்குச் சற்று மேல். கொழுப்பு 8 கிராம் அளவு. சர்க்கரை 10 கிராம் அளவு.

ஒரு கோழிமுட்டையில் சுமார் 6 கிராம் புரதம் உண்டு. அப்படியானால் ஒரு துண்டு கடலை மிட்டாயின் புரதம் ஏறக்குறைய முக்கால் முட்டைக்குச் சமம். 7 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைக்கு ஒரு நாளில் சுமார் 23 கிராம் புரதம் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் ஆண்டு அளவுகள் சொல்லுகின்றன. அதில் ஆறில் ஒரு பங்கை இத்துண்டு கொடுத்துவிடுகிறது. சர்க்கரைப் பாகைக் காய்ச்சிச் செய்த வண்ண மிட்டாய்களில் புரதம் இல்லை என்றே சொல்லலாம்.

கடலையின் கொழுப்பைக் குறித்துப் பயப்படுகிறவர்கள் உண்டு. அதில் ஏறக்குறைய பாதி, ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் அதே வகைக் கொழுப்பு. உறையும் தன்மையுள்ள கொழுப்பு ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவு. நியாசின், ஃபோலேட், வைட்டமின் ஈ, மக்னீசியம் ஆகியவையும் கடலையில் நல்ல அளவில் உண்டு. ஆனால் வைட்டமின் ஏ, வைட்டமின் சி, வைட்டமின் பி12 ஆகியவை அதில் கிடைப்பதில்லை. இதை மறவாதிருங்கள்.

கடலை எவ்வளவு, இனிப்பு எவ்வளவு?

மேலே சொன்ன நன்மைகள் அனைத்தும் கடலையிலிருந்து வருகின்றன; வெல்லத்திலிருந்து அல்ல. வெல்லத்தின் பெரும்பகுதி சர்க்கரையே. ஆகையால் மிட்டாயின் தரம் அதிலுள்ள கடலையின் பங்கைப் பொறுத்தது. இந்தக் கட்டுரையில் நீங்கள் ஒன்றை மாத்திரம் நினைவில் வைப்பீர்களானால், இதையே வையுங்கள்.

அமெரிக்க தேசத்தாரும் இதைக் குறித்து நெடுங்காலம் வழக்காடினார்கள். 1884-ஆம் ஆண்டில் கனடா தேசத்தைச் சேர்ந்த எட்சன் என்பவர், வறுத்த கடலையை விழுதாய் அரைத்துச் சர்க்கரை சேர்த்து மிட்டாய் செய்யும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்று பீனட் பட்டர் என்று நம் கடைகளிலும் விற்கும் கடலை விழுதின் ஆரம்பங்களில் அதுவும் ஒன்று. நாளடைவில் வியாபாரிகள் கடலையைக் குறைத்து மலிவான எண்ணெயையும் இனிப்பையும் கூட்டத் தொடங்கினார்கள். கடலை விழுது என்று பெயரிட்டு விற்கப்படுவதில் எத்தனை பங்கு கடலை இருக்கவேண்டும் என்ற விவாதம் 1959-இல் எழுந்து, 12 ஆண்டுகள் நீடித்தது. குறைந்தது 100-க்கு 90 பங்கு கடலை இருக்கவேண்டும் என்ற விதி 1971-இல் நடைமுறைக்கு வந்தது.

அந்த விழுதைச் சாக்லேட்டுக்குள் அடைத்து 1928 முதல் அமெரிக்காவில் விற்கப்படும் ரீஸஸ் என்னும் மிட்டாய் உலகப்புகழ் பெற்றது. அதன் 42 கிராம் பொட்டலத்தில் சுமார் 5 கிராம் புரதமும், 20 கிராமுக்கு மேல் சர்க்கரையும் இருக்கின்றன. நம்முடைய கடலை மிட்டாயை 42 கிராம் அளவில் எடுத்தால் புரதம் 6 கிராம் அளவிலும், சர்க்கரை 15 கிராம் அளவிலும் இருக்கும். வெளிநாட்டுப் பெயரும் பளபளப்பான உறையும் போஷாக்கைக் கூட்டுவதில்லை.

பொட்டலமாய் வாங்கும்போது பின்புறத்தை வாசியுங்கள். சேர்மானங்களை எடை மிகுந்ததிலிருந்து எடை குறைந்ததற்கு வரிசைப்படுத்தி அச்சிடவேண்டும் என்பது நம் தேசத்தின் விதி. முதலாவது பெயர் வேர்க்கடலையாக இருந்தால் நல்லது. வெல்லமோ, சர்க்கரையோ, திரவக் குளூக்கோஸோ முதலில் நின்றால், நீங்கள் கடலைக்கு அல்ல, இனிப்புக்கே பணம் கொடுக்கிறீர்கள்.

இரத்தசோகைக்கு இது மருந்தா?

2019-21 ஆண்டுகளில் நடந்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, நம் தேசத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேருக்கும், 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 67 பேருக்கும் இரத்தசோகை இருந்தது. நம் வீடுகளும் இதற்கு விலக்கல்ல. ஆகவே இக்கேள்விக்குத் தெளிவான பதில் வேண்டும்.

பெண் ஒருவருக்கு நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. ஒரு துண்டு கடலை மிட்டாயில் வெல்லமும் கடலையும் சேர்ந்து தருவது சுமார் 1 மில்லிகிராம், அல்லது அதற்குச் சற்று அதிகம். அந்தத் தேவையை மிட்டாயினால் மாத்திரம் நிரப்பவேண்டுமானால் 20 துண்டுகளுக்கு மேல் தின்னவேண்டும். அதோடு 200 கிராம் சர்க்கரையும் உள்ளே போகும். மேலும் கடலையிலுள்ள பைட்டேட் என்னும் பொருள் இரும்பைச் சரீரம் ஏற்றுக்கொள்ளாதபடி ஓரளவு தடுக்கிறது. கொய்யா, நெல்லிக்காய், எலுமிச்சை போன்றவற்றை உணவோடு சேர்ப்பது அந்தத் தடையைக் குறைக்கும். தேநீர் அதைக் கூட்டும். மிட்டாயோடு தேநீர் குடிக்கும் வழக்கத்தை விட்டு ஒரு கொய்யாத் துண்டைக் கொடுப்பது பிரயோஜனமானது. இரத்தசோகை என்று மருத்துவர் கண்டால், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தரும் இரும்புச்சத்து மாத்திரையை ஒழுங்காய் உட்கொள்ளுங்கள். மிட்டாய் அதற்கு ஈடாகாது.

கடலைக்கும் துணை தேவை

1996-ஆம் ஆண்டில் பிரெஞ்சு தேசத்துக் குழந்தை மருத்துவர் ஆந்த்ரே பிரியாண்ட் என்பவரும் அவரோடிருந்தவர்களும், கடுமையாய் மெலிந்துபோன குழந்தைகளுக்காகக் கடலை விழுதைக்கொண்டு பிளம்பிநட் என்னும் உணவை உருவாக்கினார்கள். 92 கிராம் பொட்டலம் ஒன்றில் 500 கலோரி. தண்ணீர் கலக்கவோ, அடுப்பில் சமைக்கவோ தேவையில்லை. பஞ்சம் பாதித்த ஆப்பிரிக்க நாடுகளில் அது அநேகக் குழந்தைகளின் உயிரைக் காத்தது.

அதைச் செய்தவர்கள் கடலையோடும் சர்க்கரையோடும் நிறுத்திவிடவில்லை என்பதைக் கவனியுங்கள். பால்பொடி, எண்ணெய், வைட்டமின்கள், தாதுஉப்புகள் ஆகியவற்றையும் அளந்து சேர்த்தார்கள். கடலையின் புரதத்தில் லைசின் முதலான சில பகுதிகள் குறைவு. பாலும், முட்டையும், பருப்பும் அக்குறையை நிரப்பும். நம் வீட்டிலும் இதுவே வழி. கடலை மிட்டாயோடு ஒரு டம்ளர் பால் கொடுத்தால் அது ஒரு நல்ல சிற்றுண்டி. சோற்றுக்குப் பதிலாகக் கொடுத்தால் அது குறைவுள்ள ஆகாரம். மெலிந்து, எடை கூடாதிருக்கும் குழந்தையை மிட்டாயினால் தேற்ற முயலாமல் மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

கசக்கும் கடலையைத் தள்ளிவிடுங்கள்

1960-ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் ஒரு லட்சத்திற்கும் அதிகமான வான்கோழிகள் காரணம் தெரியாமல் மடிந்தன. அவற்றுக்குத் தீனியாய்க் கொடுத்த கடலைப் பிண்ணாக்கில் பூஞ்சை பிடித்திருந்தது என்று பின்னர் கண்டறிந்தார்கள். அப்பூஞ்சை உண்டாக்கும் நஞ்சுக்கு அஃப்லடாக்சின் என்று பெயர். அது கல்லீரலைக் கெடுக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். வறுப்பதனால் அது முழுவதும் அழிவதில்லை.

அறுவடைக்கு முன் நிலம் வறண்டுபோனாலும், பிடுங்கிய காய் காயுமுன் நனைந்தாலும் இப்பூஞ்சை எளிதில் பற்றுகிறது. மழையை நம்பி விதைக்கும் ராயலசீமைப் பகுதிக்கு இது மெய்யான ஆபத்து. ஐதராபாத்துக்கு அருகே பதன்செருவிலுள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிறுவனம் இதைக் குறித்து நெடுநாளாய் ஆராய்ந்து வருகிறது. நாம் வீட்டில் செய்யக்கூடியது எளிது. சுருங்கியவை, நிறம் மாறியவை, பூஞ்சை தெரிபவை ஆகிய பருப்புகளைப் பொறுக்கித் தள்ளிவிடுங்கள். வாயில் கசந்தால் பிள்ளை துப்பட்டும். வீணாகிறதே என்று விழுங்கச் சொல்லாதீர்கள். சிக்குவாடை அடிக்கும் பழைய மிட்டாய் மலிவாய்க் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.

யாருக்கு, எவ்வளவு?

சேர்க்கப்படும் சர்க்கரை நம்முடைய மொத்தக் கலோரியில் 100-க்கு 10 பங்குக்குள் இருக்கவேண்டும். 5 பங்குக்குள் இருந்தால் இன்னும் நலம் என்று உலக சுகாதார நிறுவனம் 2015-இல் அறிவித்தது. 8 வயதுப் பிள்ளைக்கு அந்த 5 பங்கு என்பது சுமார் 20 கிராம். ஒரு துண்டு மிட்டாய் அதில் பாதியைக் கொண்டுவிடும். ஆகவே நாளுக்கு ஒரு துண்டு போதும். தேனைக் குறித்தும் அளவைக் கற்பித்த சாலொமோனின் ஆலோசனை வெல்லத்துக்கும் பொருந்தும். தின்றபின் வாய் கொப்பளிக்கப் பழக்குங்கள். பாகு பற்களில் ஒட்டிக்கொண்டு சொத்தையை உண்டாக்கும்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முழுக்கடலையோ, கெட்டியான மிட்டாயோ கொடுக்கலாகாது; மூச்சுக்குழலில் அடைத்துக்கொள்ளும். அவர்களுக்குப் பொடித்தே கொடுங்கள். நீரிழிவு உள்ள பெரியவர்கள் வெல்லத்தைச் சர்க்கரைக்கு மாற்று என்று எண்ணி ஏமாறவேண்டாம். வறுத்த கடலையை ஒரு கைப்பிடி தின்பது அவர்களுக்கு ஏற்றது. சிலருக்குக் கடலை ஒவ்வாமை உண்டு. தின்றவுடன் முகம் வீங்கினாலோ, மூச்சு திணறினாலோ தாமதியாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். ஞாயிறு பள்ளியிலும் விடுமுறை வேதாகமப் பள்ளியிலும் பிள்ளைகளுக்குப் பண்டம் பகிருகிற ஆசிரியர்கள், முன்னதாகவே பெற்றோரிடம் இதைக் கேட்டறிவது அவசியம்.

வீட்டிலே செய்ய

600 கிராம் கடலையை மிதமான தீயில் சிவக்க வறுத்து, ஆறியபின் தோலைத் தேய்த்துப் புடைத்து, இரண்டாய் உடைத்துக்கொள்ளுங்கள். 400 கிராம் வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து, வடிகட்டி மண்ணை நீக்கிக் காய்ச்சுங்கள். ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டி, தட்டில் போட்டால் ஓசை வரவேண்டும், அதுவே பதம். ஏலக்காயும் சுக்கும் தூவி, கடலையைக் கொட்டிக் கிளறி, நெய் தடவிய தட்டில் பரப்பி, சூடு ஆறுமுன் துண்டு போடுங்கள். காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஏறக்குறைய 30 துண்டுகள் கிடைக்கும்.

பிரியமானவர்களே, குறைந்த வருமானத்தில் பிள்ளைகளை வளர்க்கிற பெற்றோருக்கு ஒவ்வொரு ரூபாயும் கணக்குதான். அந்த ரூபாய் சர்க்கரையாய்க் கரைந்துபோகிறதா, பிள்ளையின் தசையாய் வளருகிறதா என்று பார்த்துச் செலவிடுங்கள். அடுத்த முறை கடைவாசலில் நிற்கும்போது, பொட்டலத்தைத் திருப்பி முதலாவது பெயரை வாசித்துவிட்டு வாங்குங்கள்.