சாப்ட்வேர் வேலை போனால் சாக்பீஸ் எடுக்கலாமா?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியிருக்கிறீர்கள். ஏதோ ஒரு எர்ரர் மெசேஜ் வந்து நிற்கிறது. யாரிடம் கேட்பீர்கள்? கம்பம், சின்னமனூர், உத்தமபாளையம் பக்கம் என்றால், தெருவுக்கு ஒரு எம்.சி.ஏ. பட்டதாரியாவது கிடைப்பார். அவர் பெங்களூரிலோ சென்னையிலோ வேலை பார்த்து, ஆட்குறைப்பில் வேலை போய் ஊர் திரும்பியவராகவும் இருக்கலாம். நெல்லும் திராட்சையும் ஏலக்காய் வியாபாரமும் நடக்கிற பள்ளத்தாக்கில் அவர் படிப்புக்கு ஏற்ற வேலை எங்கே இருக்கிறது? ஊருக்கு ஊர் இருப்பது மேல்நிலைப் பள்ளிதான்.

இது புதிய யோசனை அல்ல. 2005-ல் அமெரிக்காவில் ஐ.பி.எம். நிறுவனம், தன் ஊழியர்களில் விருப்பமுள்ளவர்கள் கணித, அறிவியல் ஆசிரியர்களாக மாற ஒரு திட்டம் அறிவித்தது. படிப்புச் செலவுக்கு 15,000 டாலர் வரை கொடுத்தது. வேலையில் இருக்கும்போதே படிக்கலாம் என்பதுதான் அதில் முக்கியம்.

நம் ஊர்க் கதை வேறு. 1999-ல் தமிழக அரசு மேல்நிலைப் பள்ளிகளில் கம்ப்யூட்டர் பாடத்தைப் பெரிய அளவில் கொண்டுவந்தது. எல்காட் மூலம் தனியார் நிறுவனங்கள் லேப் அமைத்தன. பாடம் நடத்தவும் அவர்களே ஆள் போட்டார்கள். அப்படி வந்தவர்கள் கம்ப்யூட்டர் படித்த இளைஞர்கள். சொற்பச் சம்பளம், ஒப்பந்த வேலை. ஆனாலும் அரசுப் பள்ளிப் பிள்ளைகளில் பலருக்கு முதன்முதலில் மவுஸ் பிடிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள் அவர்கள்தான்.

2008-ல் அவர்களை அரசுப் பணியில் சேர்க்கச் சிறப்புத் தேர்வு நடந்தது. தேர்ச்சிக்கு முதலில் 50 சதவீதம் என்றார்கள், பிறகு 35 சதவீதம் ஆக்கினார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், கடைசியில் 652 பேர் வேலை இழந்தார்கள். சாப்ட்வேர் கம்பெனியில் வேலை போவது ஒரு கஷ்டம் என்றால், பல வருடம் வகுப்பெடுத்த பிறகு பள்ளியிலிருந்து வெளியே வருவது அதைவிடப் பெரிய கஷ்டம். அதனால்தான் சொல்கிறேன், 'தற்காலிகமாகச் சேருங்கள், பிறகு நிரந்தரமாகிவிடும்' என்று யாராவது சொன்னால், வாயால் சொல்வதை நம்பாதீர்கள். உத்தரவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

2019-ல் ஆசிரியர் தேர்வு வாரியம் 814 கம்ப்யூட்டர் பயிற்றுநர் இடங்களுக்குத் தேர்வு வைத்தபோது, முதுநிலைப் பட்டத்துடன் பி.எட்.டும் கேட்டது. (ஆன்லைனில் நடந்த அந்தத் தேர்வில் சில மையங்களில் கம்ப்யூட்டரே மக்கர் செய்தது தனிக்கதை!) பி.எட். முன்பு ஒரு வருடம். 2015 முதல் இரண்டு வருடம். வருமானம் இல்லாத வீட்டில் இரண்டு வருடம் என்பது சின்ன விஷயமா? வேலையில் இருக்கும்போதே சேமித்து வைத்தவர்களுக்குத்தான் இந்த வழி எளிது.

சரி, சான்றிதழ் இருந்தால் போதுமா? ஜாவாவில் பத்து வருடம் புரோகிராம் எழுதியவர், தமிழ் மீடியம் பிளஸ் ஒன் வகுப்பில் சி பிளஸ் பிளஸ் எடுக்கும்போதுதான் தடுமாறுவார். அங்கே 'லூப்' கிடையாது, 'மடக்கு'. 'பங்ஷன்' என்பது 'செயற்கூறு', 'கிளாஸ்' என்பது 'இனக்குழு', 'இன்ஹெரிட்டன்ஸ்' என்பது 'மரபுரிமம்'. தேர்வில் மாணவர் இந்தச் சொற்களைத்தான் எழுத வேண்டும்.

இன்னொன்று. பிளஸ் டூவில் இப்போது பைத்தான் இருக்கிறது. ஒரு மாணவி 'இஃப்' வரிக்குக் கீழே இடம் விடாமல் அடுத்த வரியை அடிக்கிறாள். உடனே 'இன்டென்டேஷன் எர்ரர்' வருகிறது. சாப்ட்வேர்காரர் என்ன செய்வார்? கீபோர்டை இழுத்து நான்கு ஸ்பேஸ் தட்டிவிட்டு அடுத்த மேஜைக்குப் போவார். ஆசிரியர் அப்படிச் செய்யக்கூடாது. 'எந்த வரி எந்த வரிக்குச் சொந்தம்?' என்று அவளையே கேட்க வேண்டும். நாற்பது பேர் உள்ள லேபில் இதற்குப் பொறுமை வேண்டும். இதைப் பழகத்தான் பி.எட்.டில் பள்ளிக்குப் போய் வகுப்பெடுக்கச் சொல்கிறார்கள்.

நமக்கு ஒத்துவருமா என்று வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பைத்தானை இலவசமாக டவுன்லோட் செய்து நிறுவுங்கள். விண்டோஸில் அதனுடன் 'ஐடில்' என்ற புரோகிராமும் வரும். தமிழ்நாடு அரசின் பிளஸ் ஒன், பிளஸ் டூ கணினி அறிவியல் புத்தகங்களும் பி.டி.எப். வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. தமிழ் மீடியப் புத்தகத்தையே எடுங்கள். பக்கத்து வீட்டுப் பிளஸ் டூ பையனையோ பெண்ணையோ உட்காரவைத்து ஒரு பாடம் நடத்துங்கள். ஒரே நிபந்தனை, முக்கால் மணி நேரமும் உங்கள் கை கீபோர்டில் படக்கூடாது.