மைனஸ் 30-இல் ஒரு காட்டுக்கோழி

கோழி குளிர்நாட்டுப் பறவை இல்லை. அதன் மூதாதை செங்காட்டுக்கோழி. தெற்கு, தென்கிழக்கு ஆசியாவின் வெப்பக் காடுகளில், மூங்கில் புதர்களுக்கு நடுவே திரிகிற பறவை. வீட்டுக்கோழி என்று உறுதியாகச் சொல்லக்கூடிய மிகப் பழைய எலும்புகள் தாய்லாந்தின் பான் நோன் வாட் என்ற இடத்தில் கிடைத்தவை என்றும், அவற்றின் காலம் கி.மு. 1650-க்கும் 1250-க்கும் இடைப்பட்டது என்றும் 2022-இல் வந்த ஒரு பெரிய ஆய்வு சொல்கிறது. நெல் விளைந்த இடத்தில் தானியம் பொறுக்க வந்த பறவை அப்படியே மனிதனோடு ஒட்டிக்கொண்டது என்பது அந்த ஆய்வின் விளக்கம்.

அந்தப் பறவையின் வாரிசுகளை இன்றைக்கு அமெரிக்காவின் மினசோட்டாவிலும் கனடாவின் கியூபெக்கிலும் வீட்டுக் கொல்லையில் வளர்க்கிறார்கள். 2019 ஜனவரி 30 அன்று மினியாபொலிஸில் பதிவான குறைந்தபட்ச வெப்பநிலை சுமார் −33 டிகிரி செல்சியஸ். அந்த ராத்திரியையும் நிறையக் கொல்லைக் கோழிகள், ஹீட்டரே இல்லாத மரக்கூண்டுகளில் உட்கார்ந்தபடி கடந்திருக்கின்றன. எப்படி முடிகிறது? இதைத் தேடிப் படிக்கப் போனால், கோழியைவிட நம்முடைய உள்ளுணர்வைப் பற்றித்தான் அதிகம் தெரியவருகிறது. "குளிருதே, மூடி வை, சூடு பண்ணு" என்று நமக்குத் தோன்றுகிற ரெண்டு யோசனையுமே கோழிக்கு ஆபத்தாக முடியக்கூடியவை.

கோழி ஒரு 10 வாட் ஹீட்டர்

கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி. வெளியே −30 என்றால், சில சென்டிமீட்டர் இறகு மட்டுமே 71 டிகிரி வித்தியாசத்தைத் தாங்கி நிற்கிறது. இறகு தனியாக இந்த வேலையைச் செய்வதில்லை. இறகுகளுக்கு நடுவில் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் காற்றுதான் செய்கிறது. குளிரில் கோழி உப்பிக்கொண்டு பந்து மாதிரி உட்காருவது இந்தக் காற்றுப் படலத்தைத் தடிமனாக்கத்தான். இறகு நனைந்தாலோ, காற்று அடித்து அதைக் கலைத்தாலோ அந்தக் காப்பு போய்விடும். சில்க்கி என்ற பஞ்சு மாதிரி இறகுள்ள இனத்துக்குக் குளிர் ஆகாது என்பதும் இதனால்தான். அதன் இறகிழைகள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக் கோத்துக்கொள்வதில்லை, அதனால் மேற்பரப்பு காற்றையும் ஈரத்தையும் உள்ளே விட்டுவிடும்.

கால்களுக்கு இறகு கிடையாது. அங்கே வேறு ஏற்பாடு. காலுக்குச் சூடான ரத்தம் கொண்டுபோகும் தமனியும், குளிர்ந்த ரத்தத்தைத் திருப்பிக் கொண்டுவரும் சிரையும் ஒட்டி ஒட்டி ஓடுகின்றன. இறங்குகிற ரத்தம் தன் சூட்டை ஏறுகிற ரத்தத்துக்குக் கொடுத்துவிடுகிறது. பாதம் சில்லென்று இருக்கும், ஆனால் உறையாது. உடம்பின் சூடும் வீணாகாது. ராத்திரியில் கோழி கட்டையில் ஏறி உட்கார்ந்து, நெஞ்சு இறகால் விரல்களை மூடிக்கொள்ளும். அதனால்தான் குளிர் தேசங்களில் உருண்டைக் குச்சிக்குப் பதிலாக, நாலு அங்குல அகலப் பக்கம் மேலே இருக்கும்படி தட்டையான சட்டத்தைப் போடச் சொல்கிறார்கள். விரல் கீழே மடங்காமல் தட்டையாக இருந்தால் முழுசாக மூட முடியும்.

நடுத்தர முட்டைக்கோழி ஒன்று சுமார் 10 வாட் வெப்பத்தை வெளியிடுகிறது. ஆறு கோழி என்றால் ஒரு பழைய 60 வாட் குண்டு பல்ப். இந்த வெப்பத்துக்கான எரிபொருள் தீனி. அதனால் பனிக்காலத்தில் வழக்கமான 110, 120 கிராமைவிடக் கூடுதலாகச் சாப்பிடும். அடையப் போவதற்கு முன்னால் ஒரு கை மக்காச்சோளம் போடுகிற பழக்கமும் இதை ஒட்டித்தான்: தீனிப்பை நிறைந்திருந்தால் நீண்ட இரவு முழுக்க எரிக்க ஏதோ இருக்கும்.

எதிரி குளிர் இல்லை, ஈரம்

சரி, கோழி இவ்வளவு தயாராக இருக்கிறதென்றால் பிரச்சினை எங்கே வருகிறது? கூண்டை நாம் இறுக்கி மூடும்போது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறு கோழி, கூண்டின் கொள்ளளவு 4.5 கன மீட்டர். ஒரு கோழி நாளைக்குச் சுமார் 200 மில்லி தண்ணீர் குடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஆறுக்கும் சேர்த்து 1.2 லிட்டர். முட்டையாகப் போகும் பங்கு பனிக்காலத்தில் குறைவு. மீதியெல்லாம் மூச்சாகவும் எச்சமாகவும் வெளியே வந்தே ஆகவேண்டும். எச்சத்தில் பெரும்பங்கு உறைந்துவிடும் என்று அதை ஒதுக்கிவிடுவோம். 15 மணி நேர இரவில் மூச்சில் மட்டும் 200 கிராம் நீராவி வருகிறது என்று குறைத்தே வைத்துக்கொள்வோம்.

இப்போது காற்றின் பக்கம். 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று சுமார் 17 கிராம் நீராவியைத் தாங்கும். −10-இல் வெறும் 2.2 கிராம். −20-இல் ஒரு கிராம்தான். கூண்டுக்குள் −10, வெளியே −20 என்றால், உள்ளே இருக்கிற மொத்தக் காற்றும் ஒருமுறை மாறினால் வெளியேறும் ஈரம் ஐந்தரை கிராம் கூடத் தேறாது. 200 கிராமையும் வெளியேற்ற ஒரு இரவில் 37 முறை, அதாவது மணிக்கு ரெண்டரை தடவை காற்று மாறவேண்டும். துல்லியமான எண்கள் இல்லைதான்; ஆனால் நிலைமை எந்த அளவில் இருக்கிறது என்பது புரியும். சந்து பொந்தெல்லாம் துணி வைத்து அடைத்த கூண்டில் இது நடக்கவே நடக்காது.

வெளியேறாத நீராவி எங்கே போகும்? சுவரிலும் கூரையிலும் உறைபனியாகப் படியும். கோழியின் கொண்டையிலும், கழுத்துக்குக் கீழே தொங்கும் தாடியிலும் படியும். இறகே இல்லாத ஈரத் தோலில் உறைகுளிர் பட்டால் திசு உறைந்து செத்துவிடும். ஃப்ராஸ்ட்பைட் என்பது இதுதான். முதலில் நுனி வெளுக்கும், பிறகு கறுக்கும். இதோடு எச்சத்திலிருந்து வரும் அம்மோனியாவும் சேரும். காற்றில் பத்து லட்சத்தில் 25 பங்குக்கு மேல் அம்மோனியா போகக்கூடாது என்பது கோழிப் பண்ணைகளில் வழக்கமாகச் சொல்லப்படும் வரம்பு. அதைத் தாண்டினால் கண்ணும் மூச்சுக்குழாயும் கெடும். ஆக, உறைகுளிரில் கொண்டை கறுத்துப்போவதற்கு, கதவை நன்றாக மூடியதே பல நேரம் காரணமாகிவிடுகிறது.

தீர்வு எளிமையானது, ஆனால் மனசு ஒப்பாது: டிசம்பரிலும் கூண்டின் மேல்பகுதியைத் திறந்தே வைக்கவேண்டும். ஈரமான வெதுவெதுப்பான காற்று மேலே ஏறும். கூரையை ஒட்டி, எதிரெதிர்ப் பக்கங்களில் ஓட்டை இருந்தால் வெளியே போய்விடும். கோழி உட்காரும் உயரத்தில் மட்டும் காற்று வீசக்கூடாது. வீசினால் இறகுக் காப்பு கலையும். காற்று மாறவேண்டும், கோழி மேல் அடிக்கக்கூடாது என்ற இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான சிக்கல். ஓட்டைகளுக்கு அரை அங்குலக் கம்பி வலை அடிப்பதும் அவசியம், பனிக்காலத்தில் மரநாய் வகைகளுக்கும் பசிதானே.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. பிரின்ஸ் உட்ஸ் என்ற அமெரிக்க டாக்டர், எல்லாத் தட்பவெப்பத்துக்கும் திறந்தவெளிக் கோழிக்கூடே சரி என்று வாதாடி 1912-லேயே ஒரு புத்தகம் போட்டார். ஒரு முகப்பை கம்பி வலையோடு திறந்தே விட்டுவிட்டு, கோழிகள் அடையும் இடத்தைக் காற்று வீச்சு எட்டாத பின்பக்கத்தில் வைப்பது அவர் வடிவமைப்பு.

ஹீட் லாம்ப் என்ன ஆகும்?

காய்ந்த மரச்சீவல், பறக்கும் இறகுத் தூசி, தாவி ஏறும் பறவைகள். இவற்றுக்கு நடுவே ஒரு 250 வாட் விளக்கு கம்பியில் தொங்குகிறது. ஒரு கோழி இடித்தால் போதும். குளிர் தேசங்களில் கோழிக்கூண்டு தீப்பிடிப்பதற்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படும் காரணம் இந்த விளக்குதான். கூண்டு வீட்டை ஒட்டி இருந்தால் தீ அங்கேயே நிற்காது.

தீ வராவிட்டாலும் இன்னொரு சிக்கல் உண்டு. எங்கள் தொழிலில் சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர் என்போம்: ஒன்று போனால் எல்லாம் போகும். வெதுவெதுப்புக்கே பழகிய கோழி, பனிப்புயலில் மின்சாரம் போகும் ராத்திரியில் திடீரென்று −25-ஐச் சந்திக்கும். இலையுதிர் காலத்திலிருந்து படிப்படியாகக் குளிருக்குப் பழகிய கோழிக்கு இந்த அதிர்ச்சி கிடையாது. குஞ்சு, நோயாளிக் கோழி, இறகு உதிர்த்து முடிக்காத கோழி என்றால் கதை வேறு. அவற்றுக்குச் சூடு தேவைப்படலாம். அதற்கும் விளக்கைவிட, மேற்பரப்பு அதிகம் சூடேறாத தட்டை ஹீட்டர் பலகை தேவலாம்.

ஓகா மடத்துக் கொண்டை

கொண்டை எதற்கு? வெப்பநாட்டுப் பறவைக்கு அது ஒரு ஹீட் சிங்க்; நிறைய ரத்தம் ஓடி, உடம்புச் சூட்டை வெளியே தள்ளும். கியூபெக்கில் அதே உறுப்பு சுமையாகிறது.

மாண்ட்ரியால் பக்கத்தில் இருக்கும் ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் ஷாட்லேன் இதை இனக்கலப்பால் தீர்க்கப் பார்த்தார். 1900-களின் முதல் பத்தாண்டிலேயே வேலை தொடங்கியது. டார்க் கார்னிஷ் சேவலையும் வெள்ளை லெகார்ன் பெட்டையையும் சேர்த்தார். ரோட் ஐலண்ட் ரெட் சேவலையும் வெள்ளை வயண்டாட் பெட்டையையும் சேர்த்தார். இந்த ரெண்டு வரிசையின் வாரிசுகளைக் கலந்து, பிறகு வெள்ளை பிளைமவுத் ராக்கையும் சேர்த்தார். 1918-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த அந்த இனம் ஷாண்டெக்ளேர். 1921-இல் அமெரிக்கக் கோழி வளர்ப்போர் சங்கத்தின் தரநூலில் இடம்பெற்றது. கொண்டை தலையோடு ஒட்டிய சின்ன மெத்தை மாதிரி, தாடி இருந்தும் இல்லாத மாதிரி. உறைவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

இதில் நமக்கு ஒரு சொந்தம் உண்டு. கார்னிஷ் இனத்துக்கு இங்கிலாந்தில் பழைய பெயரே இந்தியன் கேம். இந்தியாவின் அசில் சண்டைக்கோழி அதன் மூதாதைகளில் ஒன்று. அசிலுக்கு இருப்பது பட்டாணிக் கொண்டை என்கிற தணிந்த வகை. சண்டையில் எதிரி கொத்திப் பிடிக்க இடம் தராத அந்தக் கொண்டை கார்னிஷுக்குப் போனது. அங்கிருந்து கியூபெக் மடத்துக்கும் போய், உறைபனிக்குப் பிடி கொடுக்காத கொண்டைக்கு வழிவிட்டது. 2009-இல் மரபியலாளர்கள் இந்தப் பட்டாணிக் கொண்டைக்குக் காரணமான மாற்றத்தைச் சாக்ஸ்-5 என்ற மரபணுவில் கண்டுபிடித்தார்கள்.

தண்ணீரும் வெளிச்சமும்

இனம் எதுவானாலும் தினசரி வேலையில் பெரியது தண்ணீர். −15-இல் ஒரு கிண்ணம் சீக்கிரமே கட்டியாகிவிடும். தண்ணீர் இல்லாத கோழி தீனியும் குறைக்கும். தீனி குறைந்தால் அந்த 10 வாட்டும் குறையும். மின்சாரத்தில் இளஞ்சூடாக இருக்கும் அடித்தட்டின் மேல் தண்ணீர்ப் பாத்திரத்தை வைப்பது ஒரு வழி. ஒரு நாளைக்கு மூன்று முறை மாற்றுவது இன்னொரு வழி. பாத்திரத்தின் வாய் குறுகலாக இருந்தால் தாடி நனையாது. தண்ணீரைக் கூண்டுக்கு வெளியே வைக்க முடிந்தால் உள்ளே ஈரமும் குறையும்.

தரைக்கு நம்மூர்ப் பண்ணைகளில் ஆழ்கூளம் என்று சொல்கிற அதே முறைதான். உமிக்குப் பதில் அங்கே மரச்சீவல் அல்லது வைக்கோல். கடுங்குளிரில் கூளம் மட்குவது கிட்டத்தட்ட நின்றுவிடும் என்பதால் அதிலிருந்து பெரிய சூட்டை எதிர்பார்க்க முடியாது. ஈரத்தை உறிஞ்சும் மெத்தையாக அது உதவும்.

முட்டை குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் குளிர் இல்லை, வெளிச்சம். கோழி ஒழுங்காக முட்டையிட நாளைக்கு 14 முதல் 16 மணி நேர வெளிச்சம் வேண்டும். டிசம்பர் கடைசியில் மாண்ட்ரியாலில் பகல் 8 மணி 40 நிமிடம்தான். வெளிச்சத்தைப் பறவைகள் கண்ணால் மட்டும் அளப்பதில்லை. மண்டையோட்டைத் தாண்டி மூளைக்குள் போகும் ஒளியையும் உணர்கின்றன என்று ஜாக் பென்வா என்ற பிரெஞ்சு விஞ்ஞானி 1930-களில் வாத்துகளை வைத்துக் காட்டினார். டைமரோடு ஒரு சின்ன பல்ப் போட்டால் முட்டை திரும்பும். அதை விடிகாலையில் எரிய விடுவது நல்லது. மாலையில் எரியவிட்டுச் சட்டென்று அணைத்தால், கட்டையில் ஏறாத கோழி இருட்டில் தடுமாறும். விளக்கே வேண்டாம், நாலு மாதம் ஓய்வெடுக்கட்டும் என்று விடுபவர்களும் நிறைய. ரெண்டும் நியாயம்தான்.

யாராவது குளிர் தேசத்தில் கோழி வளர்க்க யோசித்தால் ஒரே ஒரு சோதனையைச் சொல்வேன். உறைகுளிர் ராத்திரிக்கு அடுத்த நாள் காலையில் கூண்டுக்குள் தலையை நீட்டிப் பாருங்கள். ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் பனி பூத்திருந்தாலோ, மூக்கில் அம்மோனியா நெடி ஏறினாலோ, ஓட்டை போதவில்லை. கண்ணாடி தெளிவாக இருந்து, கூளம் காய்ந்திருந்து, உள்ளேயும் வெளியே மாதிரியே நடுங்க வைத்தால் கூண்டு சரியாக இருக்கிறது. நடுங்குவது நீங்கள்தான், கோழி சட்டை போட்டிருக்கிறது.